பொறுக்கு விதையும் பூச்சிக்காளையும்: கொங்கு நாட்டுப் பயணக் குறிப்புகள்

வெள்ளி, கோயம்புத்தூர்

கரும்பு பூத்தால் விவசாயிக்கு எரிச்சல்தான். பூ வந்த கரும்பு அதற்கு மேல் வளராது. வெட்டத் தாமதமானால் நடுவில் நெட்டி விழுந்து சர்க்கரையும் இறங்கிப் போகும். கோயம்புத்தூரிலோ ஒரு நிறுவனமே அந்தப் பூவுக்காகத்தான் 1912-லிருந்து உட்கார்ந்திருக்கிறது. வீரகேரளம் பக்கத்தில் இருக்கும் கரும்பு இனப்பெருக்க நிறுவனம். கொங்குப் பயணத்தை அங்கிருந்து தொடங்கினேன்.

தோழியின் அக்கா மகன் அங்கே ஆராய்ச்சி மாணவன். "காலையில நேரமே வந்துருங்க சித்தி, வெயில் ஏறிருச்சுன்னா மகரந்தம் பார்க்க முடியாது" என்று சொல்லியிருந்தான். போனேன். ஐப்பசி மாதத்து ஈரத்தில் வரிசை வரிசையாகக் கரும்பு, உச்சியில் சாம்பல் வெள்ளைப் பூங்கொத்துகள். முன்னாலேயே பூத்து முற்றிய ஒன்றை வளைத்துக் கையில் கொடுத்தான். தொட்டதும் பஞ்சாக உதிர்ந்தது. விரலில் ஒட்டிக்கொண்ட இழைகளை ஊதிவிட்டு உற்றுப் பார்த்தால், அடியில் பழுப்பாக ஒரு துணுக்கு. மில்லிமீட்டர் கணக்கில்தான் நீளம். கரும்புக்கு விதை உண்டு என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

கரும்பு எங்கும் வளரும், ஆனால் எங்கும் விதை பிடிக்காது. வடக்கே பூத்தாலும் குளிரில் மகரந்தம் மலடாகிவிடுகிறது. கோவையின் ஐப்பசி, கார்த்திகை அதற்குத் தோதான பருவம். ஆண் கொத்தைப் பெண் கொத்துக்கு மேலே வருமாறு கட்டி, துணிக்கூண்டு போட்டு மூடுகிறார்கள். மீதியைக் காற்றும் விடியற்காலையும் பார்த்துக்கொள்ளும்.

வயலில் நாம் கரணை, அதாவது கரும்புத் துண்டு வைத்து நடுகிறோம், அதனால் தாயும் பிள்ளையும் அச்சு அசல் ஒன்று. விதையிலிருந்து வந்தால் அப்படி இல்லை. ஒரே கொத்தில் பிறந்த ஆயிரம் நாற்றும் ஆயிரம் விதம். ஒன்று தடிக்கும், ஒன்று ஒல்லியாகப் போகும், ஒன்று இனிக்கும், இன்னொன்று வாயில் வைக்க விளங்காது. அதில் ஒன்றைப் பொறுக்கி ரகம் என்று பெயர் வைக்கப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிடுகிறது.

நூறு வருஷத்துக்கு முன்னால் பஞ்சாபிலும் ஐக்கிய மாகாணத்திலும் (இன்றைய உத்தரப் பிரதேசப் பக்கம்) விளைந்தது விரல் தடிமன் கரும்புதான். சர்க்கரை ஜாவாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. விஞ்ஞானிகள் சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் இங்கே செய்ததை அன்றைக்குக் கிறுக்குத்தனம் என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். 'வெள்ளை' என்ற தடித்த இனிப்புக் கரும்புக்கு, ஆற்றோரம் தானாக முளைக்கிற, இனிப்பே இல்லாத நாணல் வகையைக் கட்டி வைத்தார்கள். பிறந்தது கோ 205 என்ற ரகம். 1918-ல் பஞ்சாபுக்குப் போனது. இனிப்பு தாய்வழிச் சீதனம், வறட்சியையும் நோயையும் தாங்கும் முரட்டுத்தனம் தகப்பன் வழி. இன்றைக்கு உலகில் ஆலைக்குப் போகும் கரும்பில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஏதோ ஒரு நாணலின் ரத்தம் இருக்கிறது.

அந்தத் தடித்த கரும்புக்கு 80 குரோமோசோம், கோவை நாணலுக்கு 64. இரண்டையும் திரும்பத் திரும்பக் கலந்து வந்த இன்றைய ரகங்களில் நூறுக்கும் மேல். மனிதனுக்கு 46-தான் என்று நினைத்துப் பார்த்தால் கரும்பு நம்மைவிடப் பெரிய குடும்பி. நெல்லின் மரபணுத் தொகுப்பை 2005-லேயே வாசித்து முடித்தார்கள். கலப்புக் கரும்பின் தொகுப்பை அதே தரத்தில் வாசித்து வெளியிட 2024 ஆகிவிட்டது.

தாவரவியலாளர் ஜானகி அம்மாள் இங்கேதான் 1934 முதல் 1939 வரை வேலை பார்த்தார். தலச்சேரியில் பிறந்தவர். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து செடி எடுத்தவர். அப்புறம் இங்கிலாந்து போய்ப் பயிர்ச் செடிகளின் குரோமோசோம்களை எண்ணித் தொகுத்தவர்களில் ஒருவரானார். வயதான காலத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு அணைத் திட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தார். அந்தக் காடு இங்கிருந்து மேற்கே மலையைத் தாண்டினால் வந்துவிடும். பயிரை வளைக்கிற வித்தை தெரிந்தவர், காட்டை வளைக்காதே என்றது எனக்கு முரணாகப் படவில்லை. நாணல் ஆற்றோரத்தில் இல்லாமல் போயிருந்தால் கோ 205 எங்கிருந்து வந்திருக்கும்?

கேன்டீனில் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே பையன் இன்னொரு கதை சொன்னான். இந்த நிறுவனத்தின் கர்னால் கிளையில் உருவாகி 2009-ல் வெளிவந்த கோ 0238, உத்தரப் பிரதேசத்துக் கரும்பு நிலத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. விளைச்சலும் அதிகம், சர்க்கரைச் சத்தும் அதிகம். ஆலைக்காரரும் விவசாயியும் ஒரே ரகத்தை விரும்புவது அபூர்வம், இது அப்படி அமைந்துவிட்டது. மாவட்டம் மாவட்டமாக ஒரே ரகம். பிறகு செவ்வழுகல் என்ற பூஞ்சை நோய் வந்தது. பூஞ்சைக்கு ஒரு வயலின் பூட்டைத் திறக்கத் தெரிந்தால் போதும், எல்லா வயலுக்கும் அதே சாவிதான்.

"நல்ல ரகம் கொடுத்தது தப்பா சித்தி?" என்று கேட்டான். தப்பில்லை. ஆனால் எதைப் பார்த்துப் பொறுக்கினார்கள், எதைப் பார்க்காமல் விட்டார்கள் என்று போகிற இடமெல்லாம் கேட்டுப் பார்க்கலாம் என்று அங்கேயே தோன்றிவிட்டது.

சனி, பல்லடம்

பல்லடத்தைச் சுற்றி எந்தச் சாலையில் திரும்பினாலும் நீள நீளமாகக் கோழி ஷெட். பக்கவாட்டில் கம்பி வலை, மேலே சிமென்ட் ஓடு, மழைக்கு இறக்கிவிடச் சாக்குப் படுதா. கறிக்கோழி ஒப்பந்தத் தொழில் ஊன்றி வளர்ந்த ஊர் இது. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி தரும். ஷெட்டும் உழைப்பும் விவசாயியுடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி.

நான் போன ஷெட்டை நடத்துகிற அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். "வாங்க அம்மிணி, செருப்பைக் கழட்டிட்டு இந்தத் தண்ணியில கால வெச்சுட்டு வாங்க" என்றார். கிருமிநாசினித் தொட்டி. உள்ளே தரை முழுக்கத் தேங்காய் நார்த்தூள், அதன் மேல் வெள்ளைக் கம்பளம் விரித்தாற்போல் கோழி. முப்பது நாள் வயது. கிட்டே போய் உட்கார்ந்து பார்த்தேன். நிற்கும் கோழியைவிட உட்கார்ந்திருக்கும் கோழிதான் அதிகம். நெஞ்சு முன்னால் தள்ளி, கால் இரண்டும் அகன்று, நாலடி நடந்து திரும்ப உட்கார்ந்துகொள்கிறது. தீவனத் தட்டு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். 1957-ன் கறிக்கோழி வம்சத்தை அழியாமல் வைத்திருந்து, 2005-ன் வம்சத்தோடு சேர்த்து ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56-ம் நாளில் பழையது 905 கிராம், புதியது 4,202 கிராம். தீவனமும் ஒன்று, கொட்டகையும் ஒன்று. அந்த மூன்றேகால் கிலோ வித்தியாசம் முழுக்க முழுக்கப் பரம்பரை. 'ஹார்மோன் ஊசி போட்டு ஊதவைக்கிறார்கள்' என்று வீட்டுக்கு வீடு சொல்கிறோமே, அது சுத்தப் புரளி. ஊசி எதுவும் வேண்டியதில்லை. எடை பார்த்து, தீவனம் மிச்சமாவது பார்த்து, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியதே போதும். காலும் இதயமும் அதே வேகத்தில் வளராதது பிறகுதான் தெரிந்தது. இப்போது பெரிய இனப்பெருக்கக் கம்பெனிகள் கால் வலுவையும் சேர்த்துத்தான் பார்க்கின்றன.

"நிக்க மாட்டாதது நாலஞ்சு எந்த பேட்ச்சுலயும் இருக்கும்ங்க. முன்னைக்கு இப்பப் பரவாயில்லீங்க" என்றார் அந்த அம்மா.

எனக்கு மனசு ஒப்பாதது இவற்றின் தாய்க்கோழி விஷயம்தான். குஞ்சுக்குக் கொடுத்த அதே பசி தாய்க்கும் உண்டு. தாய் வயிறாரத் தின்றால் கொழுத்து முட்டை குறைந்து சீக்கிரம் செத்துப்போகும். ஆகவே அதற்கு அளந்துதான் தீவனம். தின்னத் தின்னப் பசிக்கும் உடம்பைப் பொறுக்கி எடுத்துவிட்டு, ஆயுளெல்லாம் அரைப்பட்டினி. உலகம் முழுக்க இதே கதைதான், பல்லடத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

மத்தியானம் அந்த அம்மா வீட்டில் அரிசிம்பருப்பு. மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிர். கோழி இல்லை. "தெனமும் மூஞ்சியப் பாத்துட்டு எப்படீங்க திங்கறது?" என்றார்.

ஞாயிறு, பழையகோட்டை

காங்கேயத்தில் தங்கி விடியலிலேயே கிளம்பினேன். பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் மாடுகளுக்கென்றே சந்தை கூடுகிறது. கலப்பின மாட்டுக்கு இங்கே வேலை இல்லை. இந்த இனத்தைப் பல தலைமுறையாகப் பேணிச் சீர்செய்தது பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் என்பது ஊரறிந்த விஷயம்.

மயிலை, செவலை, காரி என்று நிறம் நிறமாக மாடுகள். எங்கு பார்த்தாலும் கொம்பு. பெண்கள் குறைவு என்பதால் நான் பளிச்சென்று தெரிந்திருப்பேன் போல. ஒரு தரகர் தானாகவே வந்து பேச்சுக் கொடுத்தார். துண்டை மேலே போட்டு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் முறையைக் காட்டச் சொன்னேன். என் கையைப் பிடிக்கக் கூச்சப்பட்டுத் தன் இடது கையைத் தானே பிடித்துக் காட்டினார்.

ஒரு தாயும் கன்றும் நின்றன. தாய் வெள்ளையில் சாம்பல் படர்ந்த மயிலை, கன்று நல்ல செவப்பு. "வேற மாட்டுக் கன்னுன்னு நெனச்சுப் போடாதீங்க. எல்லாம் செவப்பாத்தான் பொறக்கும், ஆறு மாசத்துல மாறிப்போகும்" என்றார். காளையாக வளர்ந்தால் திமிலும் கழுத்தும் கருக்கும். காயடித்து எருதாக்கினால் அந்தக் கருமை வெளுத்துவிடும். நிறத்தைக் கொடுப்பது மரபணு என்றாலும், எப்போது எங்கே காட்டுவது என்பதில் ஆண் சுரப்புக்கும் பங்கு இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அத்தியாயம் போட்டு விளக்குவதை இங்கே பத்து மாட்டை வரிசையாகப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

வாங்க வந்தவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று பின்னாலேயே போனேன். முதலில் வாயைத் திறந்து பல். அப்புறம் குளம்பு, நடை, திமில், கொம்பின் வளைவு. பிறகு சுழி. முதுகில் பூரான் சுழி இறங்குமுகமாக இருந்ததால் ஒரு அழகான கிடாரியை விட்டுவிட்டு நடந்தார் ஒருவர். எனக்கு வயிறெரிந்தது. எண்ணிக்கை குறைந்துவரும் இனத்தில் மயிர்ச்சுழிக்காக ஒரு நல்ல பெட்டையைக் கழிப்பது அநியாயம். ஆனால் சுழி என்றாலே மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. அமெரிக்காவில் கால்நடை விஞ்ஞானி டெம்பிள் கிராண்டினும் கூட்டாளிகளும் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், நெற்றிச் சுழி கண்ணுக்கு மேலே இருக்கும் மாடுகள் பிடித்துக் கட்டும்போது அதிகம் மிரள்வதாகக் கண்டார்கள். கருவில் தோலும் நரம்பும் ஒரே அடுக்கிலிருந்து உருவாவதால் இருக்கலாம் என்கிறார்கள். முதுகுப் பூரானுக்கு அப்படி ஒரு சாட்சியும் இல்லை.

இந்த மாடு எதற்காக இப்படி ஆனது என்பதைப் பெரியவர் ஒருவரிடம் கேட்டபோது, "கவலை ஓட்டத்தானுங்க" என்றார். கவலை என்றால் மாடு பூட்டிக் கிணற்றில் நீர் இறைப்பது. கொங்கு நாட்டுக் கிணறு ஆழம். சரிவில் இறங்கி இழுத்துத் தண்ணீர் இறைத்து, பின்னாலேயே நடந்து மேலேறி, திரும்ப இழுக்க வேண்டும். நாள் முழுக்க, வெயிலில், கொஞ்சம் தீனியில். அதற்குத்தான் பொறுக்கினார்கள். ஆயில் எஞ்சினும் கரண்ட் மோட்டாரும் வந்தபோது கேள்வியே மாறிப்போனது. எவ்வளவு பால் கறக்கும் என்றார்கள். அந்தக் கேள்விக்கு ஜெர்சி கலப்புதான் பதில். அதுவரை தன்னிடம் யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் தெரியாமல் காங்கேயம் நின்றது.

இப்போது சந்தை வாசலில் புதிதாக ஒரு பதில் விற்கிறார்கள்: 'ஏ2 நெய்'. பாலில் உள்ள பீட்டா கேசீன் புரதத்தின் 67-ம் இடத்தில் புரோலின் இருந்தால் ஏ2, ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். நம் நாட்டு மாடுகளில் பெரும்பாலும் ஏ2 என்பது உண்மை. அதனால் சர்க்கரை நோய் வராது, இதயம் காக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-லேயே சொல்லிவிட்டது. நம் ஊர் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்டில் ஏ1, ஏ2 என்று போட்டு விற்காதீர்கள் என்று உத்தரவிட்டு, சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அதுவும் போக, நெய்யில் புரதமே அநேகமாகக் கிடையாது. கொழுப்பை விற்றுக்கொண்டு புரதத்தின் பெயரை ஒட்டுகிறார்கள். ஆனாலும் அந்த ஸ்டிக்கரால் இரண்டு மாடு கசாப்புக்குப் போகாமல் நின்றால் எனக்குச் சந்தோஷம்தான். இப்படி இரண்டு பக்கமும் பேசுவது எனக்கே பிடிக்கவில்லை, இருக்கட்டும்.

பூச்சிக்காளை பற்றிச் சொல்ல வேண்டும். பொலிகாளையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ஊருக்கு ஒன்று என்பது போய் நாலைந்து ஊருக்கு ஒன்று என்றாகிவிட்டது. நல்ல காளை என்று பெயரெடுத்ததை யாரும் விற்பதில்லை. மூன்று வருஷம் கழித்து அதன் மகளே சினைக்கு வந்து அதன் முன்னால் நிற்கிறாள். தகப்பனுக்கும் மகளுக்கும் பிறக்கும் கன்றில், மரபணு ஜோடிகளில் நாலில் ஒரு பங்கு இரண்டு பக்கமும் ஒரே பிரதியாக அமைய வாய்ப்பு. மறைந்திருந்த குறையெல்லாம் அப்போதுதான் தலைகாட்டும். சரி, சினை ஊசி போடலாமே என்றால், கழித்து 196 டிகிரி நைட்ரஜன் குடுவையில் இருக்கும் கால் மில்லி குழாய்கள் எத்தனை காளைகளிலிருந்து வந்தவை என்று பார்க்க வேண்டும். நாலே காளையின் விந்தை நாடு முழுக்க அனுப்பினால் அதே சிக்கல், பெரிய அளவில். ஊர்விட்டு ஊர் காளையை மாற்றிக்கொள்வதுதான் எளிய மருந்து. அதைச் சொன்னபோது தரகர், "பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கறதுக்கு நாமெல்லாம் கூட்டம் பாப்போம், மாட்டுக்கு மட்டும் பாக்க மாட்டோம்" என்று சிரித்தார். கொங்குக் கவுண்டர்கள் ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுப்பதில்லை. பங்காளி முறை. மாட்டுக்கும் ஒரு கூட்டப் பெயர் வைத்தால் தீர்ந்தது!

கிளம்பும்போது ஒருவர் கன்றுக்குக் கொம்பு சுடுவதைப் பற்றிப் பேச்செடுத்தார். கலப்பினப் பண்ணைகளில் கொம்புக் குருத்தைச் சுட்டுவிடுவார்கள். அந்த வலி வேண்டாமென்று அமெரிக்காவில் மரபணுவைத் திருத்திக் கொம்பில்லாத கன்றுகளை 2015-ல் பிறக்க வைத்தார்கள். 2019-ல் அரசு விஞ்ஞானிகள் அந்த மரபணுத் தொகுப்பைத் திரும்ப வாசித்தபோது, திருத்தப் பயன்படுத்திய பாக்டீரியா மரபணுத் துண்டும் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. இதைச் சொல்லி முடித்ததும் அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "கொம்பில்லாத காங்கேயத்த எவன் வாங்குவான்?" என்றார்.

திங்கள், நொய்யல் ஓரம்

மழை. கொரங்காடு பார்க்கப் போனேன். கிளுவை முள் வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். உழாமல், விதைக்காமல், மாட்டுக்கென்றே விட்ட தனியார் மேய்ச்சல் நிலம். புல் காய்ந்தால் வேலங்காய் உதிரும், அதைத் தின்று மாடு கோடையைக் கடத்தும். அந்த வறட்டுப் புல்லில்தான் காங்கேயம் மாட்டின் பரம்பரையே உருண்டு திரண்டது. வேலியைப் பிரித்து வீட்டுமனைக் கல் நட்டால் விந்துக் குழாயில் சேமித்து என்ன ஆகப்போகிறது?

அங்கிருந்து ஒரத்துப்பாளையம் அணை. 1992-ல் பாசனத்துக்குக் கட்டினார்கள். நொய்யல் ஆற்றில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கி, தண்ணீர் வயலுக்கு ஆகாமல் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவை முழுசாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கிணற்றுத் தண்ணீரில் உப்பு இன்னும் இருக்கிறது என்றார் ஓரத்துத் தோட்டக்காரர். தென்னை காய்க்கிறது, மஞ்சள் வருவதில்லை.

உப்பு தாங்கும் பயிர் உண்டு. கேரளத்துக் கடலோரப் பொக்காளி நெல்லின் முதல் குரோமோசோமில் இருக்கும் சால்டால் என்ற பகுதியை மற்ற நெல்லுக்கு ஏற்றியிருக்கிறார்கள். நல்ல வேலை. கடல் கொடுத்த உப்புக்கு அது சரியான பதில். சாயப்பட்டறை கொடுத்த உப்புக்கு நெல்லைத் திருத்துவது, அடித்தவனை விட்டுவிட்டு அடி வாங்கியவனுக்குத் தோலைத் தடிமனாக்குவது. எழுதும்போது கொஞ்சம் கோபமாக இருக்கிறேன். ஈரோட்டு பஸ்ஸில் ஜன்னல் வேறு ஒழுகியது.

செவ்வாய், நாமக்கல்

வழியெல்லாம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காடு. இலையில் மஞ்சள் தேமல் தட்டிய செடிகளே அதிகம். அதை இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கு முட்டை.

பள்ளியில் சத்துணவு முட்டை தின்று வளர்ந்தவர்கள் நாமக்கல்லுக்குக் கடன்பட்டவர்கள். எனக்கும் அந்தக் கடன் உண்டு. கூண்டுப் பண்ணை என்றால் கண்ணை மூடிக்கொண்டு திட்டிவிட்டு வந்துவிட முடியாது. புரதம் மலிவாகக் கிடைத்தது இதனால்தான்.

காட்டுக்கோழி வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டை வைக்கும். இங்கே கூண்டில் நிற்கும் வெள்ளை லெக்கார்ன் வழிவந்த கோழி முந்நூறைத் தாண்டும். ஒவ்வொரு ஓட்டுக்கும் சுமார் இரண்டு கிராம் கால்சியம் வேண்டும். தீவனத்தில் சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் கலக்கிறார்கள், போதாததைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கிறது. வயதான முட்டைக்கோழியின் நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார் என்னோடு வந்த கால்நடை மருத்துவர். நடுவில் ஒரு இடத்தில் விரல் வழுக்கி இறங்கியது. எலும்பு முறிந்து கோணலாக ஒட்டியிருந்தது. கோழி கத்தவில்லை, சும்மாதான் இருந்தது.

அப்புறம் குஞ்சுப் பொரிப்பகம். எந்த ஊர், யாருடையது என்று சொல்லப்போவதில்லை. ஒரு நாள் வயதுக் குஞ்சை எடுத்து, இறக்கையை விசிறி மாதிரி விரித்து, ஒரு நொடி பார்த்து, இடது பெட்டிக்கோ வலது பெட்டிக்கோ போடுகிறார்கள். பெண்கள்தான் செய்கிறார்கள். கை வேகத்தில் விரலே தெரியாமல் போகிறது. எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். ஒரு அக்கா வேகத்தைக் குறைத்துக் காட்டினார். பெட்டைக்கு முன்வரிசை இறகு மேல்வரிசையைவிட நீளம். சேவலுக்கு இரண்டும் ஒரே அளவு. இது தானாக அமைந்ததில்லை. பறவையில் பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும். மெதுவாக இறகு முளைக்க வைக்கும் மரபணு இசட்டில் இருக்கிறது. தாய்க்கு அதைக் கொடுத்து, தகப்பனுக்கு வேகமாக முளைக்கும் வகையைக் கொடுத்தால், மகன்கள் எல்லாம் மெதுவாக, மகள்கள் எல்லாம் வேகமாக. மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பன் வழி, கோழியில் தாய் வழி. நம் ஊர் மாமியார்கள் கோழி வளர்த்தும் இதைக் கற்றுக்கொள்ளவில்லை.

வலது பெட்டி சேவல். முட்டை இடாது, கறியும் பிடிக்காது. கறிக்கு வேறு வம்சம் இருக்கிறது, அதைப் பல்லடத்தில் பார்த்தோம். ஆக, பிறந்த அன்றே வேண்டாதது. உலகம் முழுக்க இதைக் கொல்கிறார்கள். ஜெர்மனி 2022 முதல் தடைசெய்தது. முட்டைக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று பார்த்துவிடும் கருவிகள் அங்கே வந்திருக்கின்றன. இங்கே ஒரு பங்கு எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதில் தெருவில் கூடையில் வருமே, பச்சை, ரோஸ், ஊதாவில் சாயம் முக்கிய கலர் கோழிக்குஞ்சு, அழுது அடம்பிடித்து வாங்கி, ஒரு வாரம்கூடத் தாங்காமல் செத்துப்போகுமே, அவை இந்த வலது பெட்டிதான்.

மருத்துவரிடம் கிளம்பும் முன் கோலிஸ்டின் பற்றிக் கேட்டேன். வேறு எந்த மருந்தும் கேட்காத கிருமிக்கு மனிதர்களுக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்து. அதைக் கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலந்துகொண்டிருந்தார்கள். அந்த மருந்தை முறியடிக்கும் எம்சிஆர்-1 என்ற மரபணுவைச் சீனாவில் 2015-ல் கண்டார்கள். ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் டிஎன்ஏ வளையத்தில் அது உட்கார்ந்திருந்ததுதான் வினை. இந்தியா 2019-ல் கால்நடைகளுக்கும் கோழிக்கும் கோலிஸ்டினைத் தடைசெய்தது. "தடை வந்தது நல்லதுங்க. ஆனா எரு எங்க போவுதுன்னும் பாக்கணுமில்லீங்களா" என்றார் மருத்துவர். கோழி எரு லாரி லாரியாகத் தோட்டங்களுக்குப் போகிறது. அதனுள் என்ன மரபணு போகிறது என்று எடை மேடையில் யாரும் பார்ப்பதில்லை.

ராத்திரி பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிட்டேனா என்று கேட்காதீர்கள். சாப்பிட்டேன். மிளகாயும் தேங்காயும் நன்றாகத்தான் இருந்தன.

புதன், பர்கூர் மலை

அந்தியூரிலிருந்து மலை பஸ். தாமரைக்கரை தாண்டிப் பர்கூர். பேச்சு கன்னடத்துக்கும் தமிழுக்கும் நடுவில் ஓடுகிறது. இங்குள்ள மாடு செம்மறை, அதாவது சிவப்பில் வெள்ளைத் திட்டு. ஒன்றின் திட்டு இன்னொன்றுக்கு இல்லை. சிறிய உடம்பு, வேகமான கால், சந்தேகப் பார்வை. பத்தடிக்குள் வர என்னை விடவில்லை.

பட்டி போடும் லிங்காயத்துப் பெரியவரோடு ஒரு மத்தியானம் இருந்தேன். மாடுகள் காட்டில் மேயும், ராத்திரி முள்வேலிப் பட்டியில் அடையும். பால் ஒரு லிட்டர் கறந்தால் பெரிது, அதுவும் கன்றுக்குப் போக மிச்சம். சினை ஊசி இங்கே எடுபடாததற்கு அவர் சொன்ன காரணம் எந்த அறிக்கையையும்விடத் தெளிவு: "டாக்டர் வர்ற நேரம் மாடு காட்டுல இருக்கும், மாடு வர்ற நேரம் டாக்டர் அந்தியூர்ல இருப்பார்."

காளையை எப்படிப் பொறுக்குகிறீர்கள் என்று கேட்டேன். சிறுத்தை வாசம் வந்தால் ஓடாமல் கன்றுகளைச் சுற்றி நிற்கிறதா என்று பார்ப்பாராம். அப்புறம் மேட்டில் முன்னால் ஏறுவது எது. கொம்பெல்லாம் பிறகுதான். பயணம் முழுக்க நான் கேட்ட கேள்விக்கு இவ்வளவு நேரடியான பதில் யாரும் தரவில்லை.

மேய்ச்சல் நிலைக்குமா என்பதுதான் சந்தேகம். 2022-ல் உயர்நீதிமன்றம் காட்டு மேய்ச்சலுக்குத் தடை போட்டு, பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம் என்று சுருக்கியது. 2024-ல் இந்தப் பகுதி தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமானது. காட்டுயிருக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் காட்டில் நடந்து உருவான மாட்டைக் கொட்டகையில் கட்டி வைத்தால், நாலு தலைமுறையில் அது செம்மறைத் தோல் போர்த்திய வேறு மாடாகிவிடும். பட்டிகளுக்கு எல்லை குறித்து, எத்தனை மாடு என்று பேசி, மேய விடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பெரியவருக்கு இந்தப் பேச்சில் அலுப்பு. மேலும் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

கீழே சமவெளியிலிருந்து எருவுக்கு வந்தவர்கள். மலைமாட்டுச் சாணி மஞ்சள் காட்டுக்கு நல்லது என்று தேடி வருகிறார்கள். வருஷத்துக்கு எவ்வளவு பால் விற்பீர்கள் என்று நான் கேட்டபோது சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிய பெரியவர், அவர்கள் வந்ததும் உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து, போன மாசம் போன டிராக்டர் கணக்கில் ஒரு லோடு பாக்கி இருக்கிறது என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வந்தவர்கள் இல்லை என்றார்கள். கடைசி பஸ் ஹாரன் அடிக்கிறவரை அது முடியவில்லை.